எடைமேடையில் ஓடும் டெர்மினல் நிரல்

மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் எடைமேடைக்கு நான் எழுதிக் கொடுத்த நிரலில் மவுஸுக்கு வேலை இல்லை. டெர்மினல் எனப்படும் கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டுமே. அறுவடைக் காலத்தில் நெல் வண்டிகள் வாசல்வரை வரிசை கட்டி நிற்கும்போது, உமித்தூசி படிந்த கீபோர்டில் நாலைந்து விசைகளைத் தட்டி ரசீது போட வேண்டியவருக்கு அதுவே வசதி. அந்த நிரலில் எடைக் கணக்கு எளிதாக முடிந்தது. டெர்மினலை அமைத்து, இயக்கி, ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கும் செயற்கூறுகளுக்கே (ஃபங்ஷன்கள்) பெரும்பகுதி நேரம் போயிற்று. அந்த நேரம் வீணல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் தட்டும் எழுத்து நேராக நிரலிடம் போய்விடுவதில்லை. இயக்க முறைமையின் மையமான கெர்னலில் இருக்கும் லைன் டிசிப்ளின் என்ற அடுக்கு அதை வாங்கி, திரையில் எதிரொலித்து, பேக்ஸ்பேஸ் திருத்தங்களையும் தானே செய்து, மதகில் தண்ணீரைத் தேக்குவதுபோல் என்டர் விசை வரும்வரை தேக்கிவைத்து, அதன்பிறகே முழு வரியாகத் திறந்துவிடுகிறது. இந்த நடத்தையை மாற்றும் பொது இடைமுகத்தை யூனிக்ஸ் வகை இயக்க முறைமைகளுக்கான 1988ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரம் டெர்மியோஸ் என்ற பெயரில் வகுத்தது. ஒவ்வொரு நடத்தையையும் இயக்கவோ அணைக்கவோ உதவும் குறிகளுக்குக் கொடிகள் என்று பெயர்; உள்ளீடு, வெளியீடு, கட்டுப்பாடு, உள்ளகம் என நான்கு கொடித் தொகுப்புகளும், கட்டுப்பாட்டு எழுத்துகளுக்கான ஓர் அணியும் அதில் உண்டு. டிசிகெட்அட்டர் என்ற செயற்கூறு இப்போதைய நிலையைப் படித்துத் தரும். டிசிசெட்அட்டர் மாற்றிய நிலையை எழுதும்.

முதலில் படித்து, அதை அப்படியே ஒரு நகலெடுத்து வைத்துக்கொண்டு, வேண்டிய கொடிகளை மட்டும் மாற்றி எழுத வேண்டும். வெற்று அமைப்பு ஒன்றை நாமே நிரப்பி அனுப்புவது, நமக்குத் தெரியாத கொடிகளையெல்லாம் அழித்துவிடும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: கேட்ட மாற்றங்களில் ஏதாவது ஒன்று நிறைவேறினாலே டிசிசெட்அட்டர் வெற்றி என்று சொல்லிவிடும். முக்கியமான இடங்களில் மறுபடி படித்து ஒப்பிட்டுப் பார்ப்பதே சரி.

எடைமேடையில் இதே செயற்கூறுகள் திரைக்கு மட்டுமல்லாமல், எடைகாட்டும் பெட்டியிலிருந்து வரும் சீரியல் கேபிளுக்கும் பயன்படுகின்றன. கெர்னலுக்கு அதுவும் ஒரு டெர்மினல்தான். வேகம் 9600, எட்டு பிட், பாரிட்டி இல்லை என்று அமைத்த பிறகும் வேலை முடிவதில்லை. எங்கள் பெட்டி ஒவ்வொரு எடையையும் 2 என்ற பைட்டுடன் தொடங்கி 3 என்ற பைட்டுடன் முடிக்கிறது. கண்ட்ரோல்-சி போன்ற விசைகளை நிரலுக்கான சிக்னலாக மாற்றும் ஐசிக் கொடி அணைக்கப்படாவிட்டால் லைன் டிசிப்ளினுக்கு அந்த 3, நிரலை நிறுத்தச் சொல்லும் கண்ட்ரோல்-சி ஆகும். அதை விழுங்குவதோடு, வழக்கமான அமைப்பில் அதுவரை சேர்ந்திருக்கும் உள்ளீட்டையும் துடைத்துவிடும். எதிரொலிக்கும் எக்கோ கொடி இயங்கிக்கொண்டிருந்தால் பெட்டி அனுப்பிய எடையே பெட்டிக்குத் திரும்பிப் போகும். ஆகவே வரியாகத் தேக்கிவைக்கும் ஐகேனான், எக்கோ, ஐசிக் மூன்றையும், சில கட்டுப்பாட்டு எழுத்துகள் வந்தால் வெளியீட்டை நிறுத்தி ஓட்டும் ஐக்ஸானையும் சேர்த்தே அணைக்க வேண்டும். சீரியல் கருவியைத் திறக்கும்போதே ஓ-நோசிடிடிஒய் என்ற குறியைக் கொடுத்துவிட்டால், அது நிரலின் கட்டுப்பாட்டு டெர்மினலாக, அதாவது நிரலுக்குச் சிக்னல் அனுப்பும் டெர்மினலாக, மாறும் வாய்ப்பும் இல்லை.

ஆலையின் கணக்கர் முதலிலேயே சொல்லிவிட்டார்: “தம்பி, எடை வரலேன்னா வரலேன்னு சொல்லிடணும், வண்டிய மேடையில ஏத்திவச்சிட்டு சும்மா நிக்கக் கூடாது.” அவர் கேட்டதை, குறைந்தது எத்தனை பைட் வேண்டும் என்ற விமின், எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற விடைம் ஆகிய இரண்டு மதிப்புகள் தருகின்றன. விமின் 0, விடைம் 10 என்று வைத்தால், எதுவுமே வராதபோது உள்ளீட்டைப் படிக்கும் ரீட் ஒரு நொடி மட்டும் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பும், ஏனெனில் விடைம் நொடியின் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டது. மாறாக இரண்டுமே பூச்சியத்துக்கு மேல் இருந்தால் முதல் பைட் வந்த பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும். கேபிள் கழன்றிருந்தால் நிரல் என்றென்றைக்கும் காத்திருக்கும். இவ்வளவு சிறிய வேறுபாடு மேடையடியில் எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திரைப் பக்கத்தை, எழுத்துத் திரைகளை வரையும் என்கர்சஸ் நூலகத்திடம் விட்டேன். டெர்ம் என்ற சூழல் மாறியைப் பார்த்து, டெர்மின்ஃபோ தரவுத்தளத்திலிருந்து அந்த டெர்மினலின் திறன்களை எடுத்து, முன்பு காட்டிய திரைக்கும் இப்போது வேண்டியதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அது அனுப்புகிறது. அதைத் தொடங்கிவைக்க இரண்டு செயற்கூறுகள் உண்டு: இனிட்எஸ்சிஆர் தோற்றுப்போனால் நிரலையே முடித்துவிடும். நியூடெர்ம் தோல்வியை நம்மிடம் சொல்லி முடிவை நம்மிடமே விடும். வேறு கருவிகளையும் திறந்து வைத்திருக்கும் நிரலுக்கு நியூடெர்ம்தான் பொருத்தம் என்பது என் தீர்மானமான கருத்து.

அமைப்பதைவிடத் திருப்பி வைப்பதில்தான் ஒரு நிரலின் தரம் தெரிகிறது. மாற்றிய கொடிகள் நம் நிரலுக்குள் இல்லை, டெர்மினல் கருவியிடம் இருக்கின்றன; நிரல் செத்தாலும் அவை உயிரோடு இருக்கும். அடுத்து வருபவர் தட்டுவது திரையில் தெரியாது, என்டர் வேலை செய்யாது. கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் சில வேளைகளில் தானே சரிசெய்துகொள்ளும் என்றாலும் அதை நம்பி எழுதக் கூடாது. சிக்னல் வரும்போது அதன் கையாளிக்குள்ளேயே, டெர்மினலைப் பழைய நிலைக்குத் திருப்பும் என்கர்சஸின் எண்ட்வின்னை அழைப்பது பாதுகாப்பானதல்ல. ஒரு மாறியில் குறித்துவைத்து, முதன்மைச் சுற்றுக்குத் திரும்பியதும் அங்கே அழைக்க வேண்டும். நிரலை அந்த இடத்திலேயே கொல்லும் சிக்கில் சிக்னலை எந்த நிரலாலும் தடுக்க முடியாது என்பதால், டெர்மினல் கொடிகளைப் படித்து மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையால் நிலையை முன்கூட்டிச் சேமித்து, நிரல் எப்படி முடிந்தாலும் மீட்டுவைக்கும் சிறிய ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றின் வழியாகவே ஆலையில் அதை இயக்குகிறோம்.

தமிழ்ப் பெயர்களால் வரும் சிக்கல் தனி. வடுவூர் என்பது நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் 7 குறியீடு, யூடிஎஃப்-8இல் 21 பைட். ஒரு குறியீடு திரையில் எத்தனை கட்டம் பிடிக்கும் என்று சொல்லும் டபிள்யூசிவிட்த் செயற்கூற்றின் வழக்கமான கணக்கில் அதற்கு ஆறு கட்டம், ஏனெனில் புள்ளிக்கு அகலம் பூச்சியம், உகர ஊகாரக் குறிகளுக்கு ஒன்று. டெர்மினல் செயலியின் எழுத்துரு இந்தக் கணக்கின்படியே வரையும் என்ற உறுதி கிடையாது. கெர்னலின் வரித் திருத்தமோ, உள்ளீடு யூடிஎஃப்-8 என்று அதற்குச் சொல்லும் ஐயூடிஎஃப்8 கொடி இருந்தாலும், அழிக்கும் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கட்டம் பின்னால் போவதால், புள்ளியை அழித்தாலே திரையில் பக்கத்து எழுத்தும் மறைந்துவிடும். அதனால் பெயர்களை வாங்கும்போது ஐகேனானை அணைத்துவிட்டு, ஒவ்வொரு திருத்தத்துக்கும் அந்தப் புலம் முழுவதையும் நிரலே துடைத்து மறுபடி எழுதுகிறது. பட்டியலில் வண்டி எண், மொத்த எடை, வெற்று வண்டி எடை, நிகர எடை ஆகியவை முதலில் வரும்; ஊர்ப் பெயரை வரியின் கடைசியில் வைத்திருக்கிறேன், அகலக் கணக்கு பிசகினாலும் அதற்கு வலப்புறத்தில் இடம் மாறுவதற்கு வேறு எண் எதுவும் இல்லை.