அப்பாவின் பற்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்

யாங்கோனில் எங்கள் தெருமுனையிலுள்ள வெற்றிலைக் கடையில் அப்பா நாற்பது ஆண்டுகளாகக் குன்யா வாங்கி மென்றுவந்தார். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, சீவிய பாக்கும் காசுக்கட்டியும் புகையிலையும் வைத்து மடித்துத் தருவதைத்தான் இங்கே குன்யா என்கிறோம். அவருடைய பற்கள் கருஞ்சிவப்பாகக் கறையேறியிருந்தும் ஒன்றுகூட ஆடவில்லை. "பல்லுதான் கெட்டியா இருக்கே" என்று அவர் சொல்லும்போதெல்லாம் நானும் அதை ஒப்புக்கொண்டேன்.

பல்லைப் பொறுத்தவரை அவர் சொன்னது பெரும்பாலும் சரிதான். பல்லின் மேலுறையான எனாமல், எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருளால் ஆனது. மனித உடலில் அதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. ஆனால் அதில் உயிரணுக்கள் கிடையாது என்பதால் தேய்ந்தது தேய்ந்ததுதான், மீண்டும் வளராது. பாக்கை அரைத்து அரைத்து அப்பாவின் கடைவாய்ப் பற்களின் மேடுகள் மழுங்கித் தட்டையாகியிருந்தன.

நாங்கள் பார்க்கத் தவறியது கன்னத்தின் உட்புறத்தை. ஒரு கவளம் சோற்றை மெல்லும்போது பற்கள் அரைக்கின்றன என்று மட்டும் நினைக்கிறோம். உண்மையில், உள்ளிருந்து நாக்கும் வெளியிலிருந்து கன்னத் தசையும் மாறிமாறித் தள்ளிக்கொடுப்பதால்தான் சோறு பற்களுக்கு நடுவிலேயே நிற்கிறது, உமிழ்நீர் அதை நனைத்து விழுங்கும் பதத்துக்குக் கொண்டுவருகிறது. இவ்வளவு வேலைக்கும் கன்னத்தின் உட்சவ்வு மெத்தென்று நெகிழ்ந்துகொடுக்க வேண்டும். அப்பா குன்யாவை அதக்கிவைத்ததோ அந்தச் சவ்வின் மேல்தான்.

பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள், சவ்வுக்கு அடியிலுள்ள செல்களைத் தூண்டிக் கொலாஜன் நார்களை அளவுக்கு மீறி உருவாக்கச் செய்கிறது. பாக்கிலுள்ள தாமிரமோ அந்த நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுக உதவுகிறது. மெத்தென்றிருந்த கன்னம் வெளிறிப் பட்டைபட்டையாக விறைக்கிறது, வாய் சிறிதுசிறிதாகத் திறக்க மறுக்கிறது. சிலருக்கு இது புற்றுநோயாகவும் மாறுகிறது. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியது. புகையிலையை மட்டும் விட்டுவிட்டால் போதும் என்று நம்பும் நம்மவர்கள் இதை அவசியம் அறிய வேண்டும்.

முதல் அறிகுறி எரிச்சல். எப்போதும் வைக்கும் அதே குழம்பைக் காரம் என்று அப்பா ஒதுக்கியபோது, அம்மாவின் கைப்பக்குவம் மாறிவிட்டதாகவே நினைத்தோம். பிறகு தீபாவளிக்குச் செய்த லட்டை அவர் கிள்ளிக்கிள்ளித் தின்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பல் மருத்துவர் அவரிடம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைக்கச் சொன்னார். பெரும்பாலான பெரியவர்களால் முடிகிற காரியம் அது. அப்பாவுக்கு இரண்டாவது விரலே நுழையவில்லை. இறுகிய நார் பழையபடி மென்மையாகாது என்றும், பாக்கை அடியோடு நிறுத்திப் பயிற்சி செய்தால் இருக்கும் அளவையாவது காக்க முயலலாம் என்றும் அவர் சொன்னார்.

இப்போது காலையிலும் மாலையிலும் தட்டையான மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முன்பற்களுக்கிடையே வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருக்கிறார். தொடங்கியபோது பதினொரு குச்சிகள். நேற்று பன்னிரண்டாவதை நான்தான் செருகினேன்.