துருப்பிடிச்ச ஷாட்கன்ன உப்புத்தாள் வச்சு தேய்ச்சிடாதீங்க

வேட்டை சீசன் முடிஞ்சு உள்ள வச்ச துப்பாக்கிய மறுபடி எடுக்கும்போது பேரல் மேல செம்மண் கலர்ல புள்ளி புள்ளியா தெரிஞ்சா யாருக்கா இருந்தாலும் வயித்த கலக்கத்தான் செய்யும், அந்த பதட்டத்துல கைக்கு கிடைச்ச உப்புத்தாள எடுத்து பரபரன்னு தேய்ச்சு விட்டுடறாங்க. துரு போயிடும், ஆனா கூடவே ப்ளூயிங்னு சொல்ற கருநீல பூச்சும் போயிடும், அதுக்கப்புறம் அந்த இடத்துல முன்ன விட வேகமா துரு ஏறும்.

அந்த கருநீல பூச்சு இருக்கே, அத நிறைய பேர் பெயிண்ட் மாதிரி ஏதோ ஒண்ணுன்னு நினைச்சுக்கறாங்க. அதுவும் இரும்பு ஆக்ஸைடுதான், மேக்னடைட்னு சொல்ற கறுப்பு ஆக்ஸைடு. இரும்ப இறுக்கி பிடிச்சுக்கிட்டு எண்ணெயையும் தன்கிட்ட நிறுத்தி வச்சுக்கும். செந்துரு அப்படி கிடையாது, பொலபொலன்னு இருக்கும், ஈரத்த உறிஞ்சி வச்சுக்கிட்டு உள்ள உள்ள தோண்டிக்கிட்டே போகும். ப்ளூயிங்கோட கனம் மைக்ரான் கணக்குல, உப்புத்தாள்ல நாலு இழுப்பு இழுத்தா காலி. அதனால என்னைப் பொறுத்தவரைக்கும் துருவ எடுக்கறது ரெண்டாவது வேலை, ப்ளூயிங்க காப்பாத்தறதுதான் முதல் வேலை.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தோட்டா எல்லாத்தையும் வேற ரூமுக்கு கொண்டு போயிடுங்க. தோட்டா உக்காரற சேம்பர கண்ணால மட்டும் பாக்காம விரல விட்டும் தடவிப் பாருங்க, பேரலுக்கு அடியில தோட்டா அடுக்கற ட்யூப் மேகசின் இருக்கற துப்பாக்கின்னா அதையும் பாருங்க. பேரல தனியா கழட்டிட்டீங்கன்னா இன்னும் நிம்மதி.

மேலோட்டமான துருவுக்கு தேவை ரெண்டே ரெண்டு பொருள்தான், நல்ல கன் ஆயில், அப்புறம் 0000 நம்பர் ஸ்டீல் வுல். இருக்கறதுலயே மெல்லிசு இந்த நாலு சைபர்தான், பாத்திரம் தேய்க்கற கம்பி நாரை இதுக்கு பதிலா எடுக்காதீங்க, அது கோடு போட்டுடும். வெண்கல வுல் கிடைச்சா இன்னும் நல்லது, இரும்ப விட மெதுவானது. எண்ணெய தாராளமா தடவி சில மணி நேரம் ஊற விடுங்க, இந்த இடத்துலதான் நிறைய பேருக்கு பொறுமை போயிடுது. முதல்ல பேரலுக்கு கீழ கை பிடிக்கற முன்கட்டைக்கு அடியில வெளிய தெரியாத இடத்துல தேய்ச்சுப் பாத்துட்டு, பூச்சு அசையலன்னா மத்த இடத்துக்கு வாங்க. விரல் நுனியில லேசா அழுத்தி, பேரலோட நீளவாக்குல போங்க. துணியால துடைச்சா முதல்ல எண்ணெய் செங்கல் கலர்ல வரும், மறுபடி எண்ணெய் விட்டு தேய்ச்சு துடைச்சா கொஞ்சம் வெளிறும், துணில சிவப்பு வரது நின்னதும் நீங்களும் நிறுத்திடுங்க. கீழ கறுப்பா ஒரு குழி தெரிஞ்சா அது துரு தின்ன தழும்பு, அத தேய்ச்சு சமமாக்க பாக்காதீங்க, உள்ள எண்ணெய் நிக்கட்டும், அது போதும்.

வினிகர், எலுமிச்சை, துரு நீக்கினு விக்கிற ஆசிட் ஜெல், எதுவும் வேண்டாம். ஆசிடுக்கு செந்துருவும் ஒண்ணுதான் ப்ளூயிங்கும் ஒண்ணுதான், ரெண்டையும் கரைச்சு வெள்ளை இரும்ப காட்டிடும். பாத்ரூம் ஆசிட்ட பத்தி பேசவே வேண்டாம், அதோட ஆவி பட்டாலே பக்கத்துல இருக்கற இரும்புக்கும் துரு வரும்.

பேரல் முழுக்க லேசா படர்ந்த துருவுக்கு இன்னொரு வழி இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது. மரம், ஸ்ப்ரிங், பேரல் வாயில திருகி மாட்டற சோக் எல்லாத்தையும் கழட்டி எண்ணெய் பிசுக்க சுத்தமா எடுத்துட்டு வெறும் பேரல டிஸ்டில்டு வாட்டர்ல கொதிக்க வச்சா அந்த செந்துரு கறுப்பு ஆக்ஸைடா மாறிடும், மேல வெல்வெட் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கற உதிரிய மட்டும் ஸ்டீல் வுல்லால எடுத்துட்டா கீழ கறுப்பு தங்கிடும். பழைய ரெட்டைக்குழல் துப்பாக்கிங்களுக்கு ப்ளூயிங் போட்டதே இந்த முறைலதான், வேணும்னே துருப்பிடிக்க வச்சு, கொதிக்க வச்சு, உதிரிய எடுத்து, மறுபடி மறுபடி செய்வாங்க. ரெட்டைக்குழல் வச்சிருக்கறவங்க ஒண்ணு கவனிங்க, ரெண்டு பேரலுக்கு நடுவுல ஓடற இரும்புப் பட்டைய, அதாவது ரிப்ப, ஈயப்பத்து வச்சுதான் ஒட்டியிருப்பாங்க, சூடான காஸ்டிக் உப்புத் தொட்டியில போடற ஹாட் ப்ளூயிங் அந்த பத்த அரிச்சிடும். யார்கிட்ட ரீ-ப்ளூயிங்குக்கு கொடுத்தாலும் எந்த முறைன்னு கேட்டுட்டு கொடுங்க.

வெளிய பளபளன்னு இருந்தா போதும்னு விட்டுடாதீங்க, உள்ள சேம்பர் பக்கம்தான் ஆபத்து அதிகம். தோட்டாக்குள்ள குண்டுகள தாங்கற பிளாஸ்டிக் வாட் பேரல் சுவர்ல கோடு கோடா ஒட்டிக்கும், அதுக்கு அடியில ஈரம் மாட்டிக்கிட்டா மேல எவ்வளவு எண்ணெய் விட்டும் புண்ணியமில்ல. முதல்ல சால்வென்ட் விட்டு வெண்கல பிரஷ் போட்டு அந்த பிளாஸ்டிக்க எடுக்கணும், சேம்பர் பேரல விட அகலம்ங்கறதால அதுக்கு தனி பிரஷ் வேணும். சுட்ட தோட்டா வெளிய வராம இறுகுதுன்னா நான் முதல்ல சந்தேகப்படறது சேம்பர் துருவதான். உள்ள குழி ஆழமா இருந்தா கைவைத்தியம் வேண்டாம், சுவர் கனத்த அளந்து பாக்கற கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி பழுது பாக்கறவர் கிட்ட கொண்டு போங்க, அவர் சரின்னு சொல்ற வரைக்கும் சுடாதீங்க.

இனிமே வராம பாத்துக்கறதுக்கு வரேன். துருவுக்கு பெரிய காரணம் மழைய விட நம்ம கைதான். வியர்வைல இருக்கற உப்பு இரும்புல தங்கிடும், சில பேர் கை பட்டா மறுநாளே விரல் ரேகை அச்சு அப்படியே துருவா தெரியும். இதுல பலர் கவனிக்காத விஷயம், எண்ணெய் உப்ப கரைக்காது. உப்பு மேல எண்ணெய் தடவினா உப்ப உள்ள வச்சு மூடின கதைதான். கடல் காத்து பட்ட துப்பாக்கியையோ வியர்வை பட்டதையோ முதல்ல நல்ல தண்ணில நனைச்சு பிழிஞ்ச துணியால துடைச்சு, நல்லா காய விட்டு, அப்புறம்தான் எண்ணெய். டபிள்யூடி-40 ஈரத்த விரட்டறதுக்கு அருமையான பொருள், பேர்ல இருக்கற டபிள்யூடி கூட தண்ணிய விரட்டறதுங்கற அர்த்தத்துல வந்ததுதான், ஆனா மாசக்கணக்குல காவல் காக்கும்னு நம்பிடாதீங்க, அத துடைச்சுட்டு மேல கன் ஆயில் போடுங்க. வெளிப்பக்கத்துக்கும் முன்கட்டை அடிக்கும் நல்ல பேஸ்ட் வாக்ஸ் ஒரு கோட் போட்டா எண்ணெய் மாதிரி கை பட்டதும் போயிடாது.

மழைல நனைஞ்சு வந்தா அன்னைக்கு ராத்திரியே முன்கட்டைய கழட்டிடுங்க, எவ்வளவு அசதியா இருந்தாலும் சரி. பேரல் மேல இடைவெளி விட்டு நிக்கற வென்டிலேட்டட் ரிப்புக்கு அடியில, ஸ்க்ரூ தலைல, சோக் மரைல எல்லாம் தண்ணி ஒளிஞ்சிக்கும். சோக்க அப்பப்ப கழட்டி மரைல கொஞ்சம் கிரீஸ் வைங்க, துருவுல இறுகிப்போன சோக்க எடுக்கறது பெரிய பாடு. குளிர்ல இருந்து கதகதப்பான ரூமுக்குள்ள கொண்டு வந்தா இரும்பு வேர்த்துக் கொட்டும், அதனால கேஸ உடனே திறக்காம உள்ளயே மெதுவா சூடாக விட்டுட்டு அப்புறம் எடுத்து துடைக்கணும். ஆனா அதே கேஸ்ல வச்சு பூட்டி மறந்துடக்கூடாது, தோல் உறையும் ஃபோமும் ஈரத்த பிடிச்சு வச்சுக்கும்.

அலமாரில ஈரப்பதம் 50% பக்கமா இருந்தா இரும்புக்கும் நல்லது மரக்கட்டைக்கும் நல்லது, ரொம்ப காஞ்சா கட்டை வெடிக்கும். சிலிக்கா ஜெல் போட்டா மட்டும் பத்தாது, அது ஒரு அளவு உறிஞ்சினதும் நிறைஞ்சிடும், ஓவன்ல சூடு பண்ணி திரும்ப வைக்கணும். நிறுத்தி வைக்கும்போது முடிஞ்சா வாய் கீழ பாத்த மாதிரி வைங்க, இல்லன்னா எண்ணெய் வடிஞ்சு பின்கட்டைல ஊறி மரத்த மெத்துன்னு ஆக்கிடும். திரும்ப சுடப் போறதுக்கு முன்னாடி காலியா இருக்கான்னு பாத்து பேரல கழட்டி, காஞ்ச துணி விட்டு எண்ணெய எடுத்துட்டு, சேம்பர் பக்கமிருந்து வெளிச்சத்துல பாருங்க, உள்ள துணித்துண்டு ஒண்ணு மாட்டிக்கிட்டு இருந்தாலே பேரல் வெடிக்க அது போதும்.