டிராவல் பேஸ்பால் டீம்: ஞாயிற்றுக்கிழமை யார் பந்து வீசுவார்கள்?

அமெரிக்காவில் பல டிராவல் பேஸ்பால் கிளப்புகள், அதாவது ஊர் ஊராகப் போய்ப் போட்டிகளில் ஆடும் சிறுவர் டீம்களை நடத்துபவை, அடுத்த ஆண்டுக்கான ட்ரைஅவுட்டை (ஆள் எடுக்கும் தேர்வை) ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் வைக்கின்றன. இடம் கிடைத்துவிட்டால் முன்பணத்தை உடனே கட்டச் சொல்வார்கள். அந்த அவசரத்தில் யோசித்துக் கேட்க முடியாது. கேட்க வேண்டியதை ட்ரைஅவுட்டுக்குப் போகும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே 13, 14 வயதுப் பையன்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

முதலில் கேட்க வேண்டியது, டீமில் மொத்தம் எத்தனை பேர் என்பது. வார இறுதிப் போட்டியில் சனிக்கிழமை இரண்டு, ஞாயிறு இரண்டு என நான்கு ஆட்டம் என்று வையுங்கள். நேரக் கட்டுப்பாடு இருப்பதால் ஓர் ஆட்டம் ஐந்து இன்னிங்தான் (இரு டீமும் ஒருமுறை அடித்து, ஒருமுறை களத்தில் நிற்கும் சுற்று) ஓடும் என்று கொள்வோம். களத்தில் 9 இடம், மொத்தம் 20 இன்னிங். ஆக, பங்கிட 180 இருக்கிறது. 12 பேர் என்றால் ஆளுக்கு 15 இன்னிங். 18 பேர் என்றால் 10தான், அதாவது பாதி நேரம் பெஞ்ச். இது எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டால் வரும் கணக்கு. சமமாக யாரும் பங்கிடுவதில்லை. கடைசி மூன்று பேரில் ஒருவன் உங்கள் பையன் என்றால் அந்த 10கூடக் கிடைக்காது. பெரிய கிளப்புகள் ஒரே வயதில் மூன்று நான்கு டீம் வைத்திருக்கும். சட்டையில் இருக்கும் பெயர் எல்லா டீமுக்கும் ஒன்று, கோச் வேறு, போட்டிகளும் வேறு. எந்த டீம், யார் கோச் என்று தெரியாமல் பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது, என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், எத்தனை பேர்?

மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி 13-14 வயதுக்கு ஒரு நாளைக்கு 95 பந்து என்று உச்சவரம்பு வைக்கிறது. 20 பந்து வரை வீசினால் ஓய்வு கட்டாயமில்லை. 21 முதல் 35 வரை ஒரு நாள், 50 வரை இரண்டு நாள், 65 வரை மூன்று நாள், 66 தொட்டால் நான்கு நாள் ஓய்வு. இந்த வயதில் ஓர் இன்னிங்குக்குச் சுமார் 16 பந்து ஆகும் என்று வைத்தால், சனிக்கிழமை இரண்டு இன்னிங் வீசியவன் ஞாயிறு வீசக்கூடாது. சனிக்கிழமையின் 10 இன்னிங்குக்கு மூன்று கை, ஞாயிறுக்கு வேறு மூன்று கை. குறைந்தது ஆறு பேர் வேண்டும், ஏழெட்டு இருந்தால் நிம்மதி. நான்கு பேரை வைத்துக்கொண்டு போகும் டீம் இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டால், முந்தின நாள் வீசிய பையன்தான் மறுபடியும் மவுண்டில் (பந்து வீசும் மேட்டில்) ஏறுவான்.

போட்டி விதி தடுக்காதா என்று கேட்கலாம். சில போட்டிகளில் பந்தை எண்ணுவதில்லை, இன்னிங்கைத்தான் எண்ணுகிறார்கள். 35 பந்து பிடித்த இன்னிங்கும் அங்கே ஒன்றுதான். விதி மீறாமலேயே கை களைத்துப்போகும். பந்து வீசி முடித்தவனை கேட்சராக (மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவனாக) உட்கார வைப்பது இன்னொரு தவறு. கேட்சர் ஏறக்குறைய ஒவ்வொரு பந்தையும் பிட்சருக்குத் திருப்பி எறிகிறான், அந்த எறிதலை யாரும் எண்ணுவதில்லை. ஒரே பருவத்தில் இரண்டு டீமுக்கு வீசும் பையனின் கணக்கு இரண்டு கோச்சிடமும் பாதி பாதியாகத்தான் இருக்கும். முழுக் கணக்கை வீட்டில் நோட்டுப் போட்டு எழுதுங்கள்.

அலபாமாவின் பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்கன் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இன்ஸ்டிடியூட்டின் ஆய்வுகளைப் பாருங்கள். ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் வீசிய இளம் பிட்சர்களுக்கு அறுவை சிகிச்சை வரை போகும் வாய்ப்பு 5 மடங்கு என்று 2006-இல் கண்டார்கள். கை களைத்த பிறகும் அடிக்கடி வீசியவர்களுக்கு 36 மடங்கு. ஆண்டுக்கு 100 இன்னிங்கைத் தாண்டியவர்களுக்குக் கடும் காயம் வர 3.5 மடங்கு வாய்ப்பு என்றது 2011-இல் வந்த ஆய்வு. ஆண்டில் நான்கு மாதமாவது பந்து வீச்சை நிறுத்த வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக, தோளுக்கு மேல் கை தூக்கி எறிவதே கூடாது என்கிறது பிட்ச் ஸ்மார்ட். வேகப்பந்து வீச்சாளருக்கு ஓவர் கணக்குப் பார்க்கும் கிரிக்கெட் வீட்டாருக்கு இது புரியும். ஆகவே கோச்சிடம், “எந்த மாதங்களில் எறிவதை முழுக்க நிறுத்துகிறீர்கள்?” என்று கேளுங்கள். இலையுதிர்கால ஆட்டம் நவம்பரில் முடிந்து டிசம்பரிலேயே உள்ளரங்கில் வீச்சுப் பயிற்சி தொடங்குகிறது என்றால் அங்கே ஓய்வே இல்லை.

மைதான அளவையும் விசாரியுங்கள். சின்னப் பையன்கள் ஆடும் லிட்டில் லீக்கில் பந்து வீசும் இடத்திலிருந்து மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 46 அடி, ஓடித் தொடும் பேஸ்களின் இடைவெளி 60 அடி. உயர்நிலைப் பள்ளியில் 60 அடி 6 அங்குலமும் 90 அடியும். இடையில் 54-க்கு 80 என்ற அளவில் ஆடும் 13 வயதுப் போட்டிகள் உண்டு. இன்னும் உயரம் வராத பையனுக்கு அதுவே நல்லது. நேரே பெரிய மைதானத்துக்குப் போனால், தூரத்தை எட்ட உடம்பை முறுக்கி எறியப் பழகிவிடுவான். மட்டையும் மாறும். உயர்நிலைப் பள்ளிக்கு பிபிகோர் முத்திரை (பந்து தெறிக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தரச் சான்று) வேண்டும், அங்குல நீளத்துக்கும் அவுன்ஸ் எடைக்கும் வித்தியாசம் 3-க்கு மேல் போகக்கூடாது. 32 அங்குல மட்டை என்றால் எடை குறைந்தது 29 அவுன்ஸ். எட்டாம் வகுப்புக் குளிர்காலத்திலேயே அதைக் கையில் கொடுக்கும் டீம் நல்ல டீம்.

கட்டணத்தில் சீருடை, போட்டி நுழைவு, குளிர்காலப் பயிற்சி இவை அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். சில போட்டிகள் அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்கின்றன, அந்தச் செலவு தனி. பையன் அடிபட்டுப் பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்பதையும் கேளுங்கள்.

முடிந்தால் ட்ரைஅவுட்டுக்கு முன், அந்த டீம் ஆடும் ஒரு போட்டிக்கு இரண்டு நாளும் போங்கள். சனிக்கிழமை யார் யார் எத்தனை பந்து வீசினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு ஞாயிறு மாலைவரை இருந்து, கடைசி ஆட்டத்தில் மவுண்டில் யார் நிற்கிறான் என்று பாருங்கள்.