உடம்பு வலி என்று வருபவர்கள்

அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கு, மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் மிகக் குறைவு. தலை பாரமாக இருக்கிறது, கை கால் அசதி, நெஞ்சு படபடப்பு, வயிற்றில் எரிச்சல், சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் வருகிறார்கள். கையில் ஒரு பை, அதற்குள் மூன்று நான்கு ஆஸ்பத்திரிகளின் சீட்டுகள், ஈசிஜி, வயிற்று ஸ்கேன். எல்லாவற்றிலும் ‘நார்மல்’. “நரம்புத் தளர்ச்சியா இருக்கும், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க” என்று அவர்களே கேட்பார்கள். ஏற்றினால் அன்று ஒருநாள் தெம்பாக இருக்கும், மறுநாள் பழைய அசதி. மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை பார்ப்பவர்கள் முதலில் கவனிக்கப் பழகுவது அந்தப் பையைத்தான். சீட்டுகள் சேர்ந்துகொண்டே போயும் நோய் பிடிபடவில்லை என்றால், யாரும் கேட்காத கேள்விகள் சில மிச்சம் இருக்கின்றன.

கேட்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: வலி நிஜம். “உங்களுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்” என்று அனுப்பினால் அவர் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போவார், இன்னொரு ஸ்கேன் எடுப்பார். “வலி இருக்கிறது உண்மைதான். இதயத்திலயும் வயித்துலயும் கோளாறு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. தூக்கம், பசி, தெம்பு மூணையும் சேர்த்துக் கெடுக்கிற நோய் ஒண்ணு இருக்கு, அதைப் பார்ப்போம்” என்றால் உட்காருவார்.

தூக்கத்திலிருந்து தொடங்குவது எளிது, அதைப் பற்றிப் பேச யாரும் கூச்சப்படுவதில்லை. படுத்தவுடன் தூக்கம் வராதது சாதாரணக் கவலையிலும் உண்டு. பத்து மணிக்குத் தூங்கியவர் மூன்று மணிக்கே விழித்து, அதற்குமேல் கண்மூட முடியாமல், விடியும்போது மனம் மிகக் கனத்து, மாலையில் சற்று இலகுவாகிறது என்றால் மனச்சோர்வை உறுதியாகச் சந்தேகிக்கலாம். அடுத்தது, முன்பு பிடித்திருந்த காரியங்கள். “ஆர்வம் குறைந்திருக்கிறதா” என்று படிவத்தில் உள்ளபடி கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார்கள். “போன வருஷம் சாயங்காலம் என்ன பண்ணுவீங்க? சீரியல் பார்ப்பீங்களா, வாசல்ல உக்காந்து பேசுவீங்களா? இப்ப?” என்று கேட்க வேண்டும். “டிவி ஓடுது, நான் பார்க்கல” என்ற பதிலிலேயே பாதி விஷயம் இருக்கிறது. ஆண்கள் அழுகையைச் சொல்ல மாட்டார்கள். எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறார், குடி கூடியிருக்கிறது, வேலைக்குப் போவதில்லை என்று மனைவிதான் சொல்வார்.

பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாள் இதற்கு உதவும். ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 5 முதல் லேசானது, 10 முதல் மிதமானது, 15 முதல் சற்றுக் கடுமையானது, 20 முதல் கடுமையானது. பத்தைத் தொட்டாலே மருத்துவர் பார்த்தாக வேண்டும். ஆனால் எண் மட்டும் போதாது. கணவர் இறந்து மூன்று வாரமான பெண்ணுக்கும் 12 வரலாம், தைராய்டு சுரப்பு குறைந்தவருக்கும் 12 வரலாம். அதனால் ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்எச் பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது. சர்க்கரை நோயாளிகளிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு அதிகம். நன்றாகக் கட்டுக்குள் இருந்த சர்க்கரை காரணமில்லாமல் ஏறினால், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் அவர் மாத்திரை போடுகிறாரா, போடத் தோன்றுகிறதா என்று விசாரிக்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் தாய் அழுகிறாள், குழந்தை தூங்கும்போதும் தூங்க முடியவில்லை, குழந்தையிடம் ஒட்டுதல் வரவில்லை என்றால் “பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று விடக்கூடாது. பாலூட்டும் தாய்க்கும் கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. செர்ட்ரலின்தான் பொதுவாக முதல் தேர்வு.

இரண்டு விஷயங்களைக் கேட்காமல் மாத்திரை தொடங்கக்கூடாது. ஒன்று, இதற்கு முன் எப்போதாவது தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் அளவுக்கு மீறிய உற்சாகம், பேச்சு, செலவு என்று இருந்தாரா? ஆம் என்றால் அது இருதுருவ நோயாக இருக்கலாம். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மறுபடி அந்த உச்சத்துக்குத் தள்ளிவிடக்கூடும். இதை நோயாளியைவிட வீட்டாரே சரியாகச் சொல்வார்கள். மற்றொன்று குடி. தொடர்ந்து குடிப்பதே மனதைத் தாழ்த்தும். குடியை நிறுத்தி இரண்டு முதல் நான்கு வாரத்தில் பலருக்குச் சோர்வு விலகுவதுண்டு. ஆனால் நெடுநாள் தினமும் குடித்தவர் வீட்டிலேயே திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், ஆகவே அதையும் மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

அந்தக் கேள்வித்தாளின் ஒன்பதாவது கேள்வியில்தான் புதிதாக வேலைக்கு வருபவர்களின் குரல் தாழ்ந்துவிடும். செத்துப்போகத் தோன்றுகிறதா என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்பது ஆய்வுகளில் உறுதியானது. கேட்டவுடன் பலர் நிம்மதியாக அழுவார்கள், அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். படிப்படியாகக் கேட்கலாம். “வாழ்றதே பாரமா இருக்கா? தூங்குனா எழுந்திருக்காம இருந்தா நல்லாருக்கும்னு தோணுதா? நாமளே ஏதாவது பண்ணிக்கலாம்னு யோசிச்சீங்களா? எப்படி, எப்போன்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா? முன்னாடி ஏதாவது பண்ணிக்கிட்டதுண்டா?” கடைசி இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் அடுத்த வாரம் வரச் சொல்லும் பேச்சே கிடையாது. அன்றே மனநல மருத்துவர் பார்க்க வேண்டும், அதுவரை தனியாக விடக்கூடாது. வீட்டில் உள்ள பூச்சிமருந்தும் மீதி மாத்திரைகளும் வேறு வீட்டுக்குப் போக வேண்டும், அல்லது பூட்டில் இருக்க வேண்டும். அந்த நெருக்கடியான சில மணி நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றுகிறது. இத்தகையவருக்கு மாத்திரை ஒரு வாரத்துக்கு மட்டும், அதுவும் வீட்டார் கையில்.

முன்பு தற்கொலைக்கு முயன்றதை மறைக்கும் வீடுகள் ஏராளம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம்தான் காரணம். “வயித்து வலி தாங்காம தெரியாம குடிச்சிட்டா” என்று எழுதவைத்து, உடம்பு தேறியதும் மனநலப் பிரிவுக்குக் காட்டாமலே அழைத்துப் போய்விடுவார்கள். அடுத்த முயற்சியின் ஆபத்து கூடுதலாக இருக்கும் மாதங்கள் இப்படியே கவனிப்பின்றிக் கழிகின்றன. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவது நடைமுறை. அதற்குப் பயந்து மருத்துவரிடம் உண்மையை மறைக்க வேண்டியதில்லை.

சிகிச்சை பெரும்பாலும் முறிவது முதல் மூன்று வாரத்தில். மனச்சோர்வு மாத்திரைகளை ஃப்ளூவாக்ஸெடின் 20 மில்லிகிராம், எஸ்சிட்டலோப்ராம் 10, செர்ட்ரலின் 50 என்று தொடங்குவது வழக்கம், வயதானவர்களுக்கு அதில் பாதி. குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, ஒருவித பதற்றம் ஆகியவை முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலனோ இரண்டு வாரத்துக்குமேல்தான் தெரியத் தொடங்கும், முழுதாகத் தெரிய ஆறு வாரம்கூட ஆகலாம். இந்த வரிசையை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், “மாத்திரை ஒத்துக்கல” என்று ஐந்தாம் நாளே குப்பையில் போடுவார்கள். அவர்கள் மேல் தவறில்லை, தொல்லை மட்டுமே தெரியும் மருந்தை யார்தான் தொடர்வார்கள்? காலைச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்தில் அது அடங்கும். இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை முதல் சில வாரங்கள் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும், பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடக்கூடிய காலம் அது. முதியவருக்குத் திடீர்க் குழப்பம் வந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாத்திரையால் தாம்பத்தியத்தில் ஏற்படும் குறையை யாரும் தாமாகச் சொல்வதில்லை, நாம் கேட்டால்தான் வெளியே வரும். கேட்கவில்லை என்றால் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

முன்பு மருந்துக்கடையில் வாங்கிய அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையோடு வருபவர்கள் தனிக்கூட்டம். போட்ட இரவே தூக்கம் வருவதால் அதுதான் நல்ல மருந்து என்று நம்புகிறார்கள். மனச்சோர்வை அது ஆற்றுவதில்லை, வாரக்கணக்கில் போட்டால் பழக்கமாகிவிடும். அதையும் சட்டென்று நிறுத்தக்கூடாது, மருத்துவர் சொல்படி மெல்லக் குறைக்க வேண்டும்.

லேசான மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் மாத்திரை இல்லாமலே பேச்சு சிகிச்சை போதும். வீட்டார் செய்யக்கூடியது, “தைரியமா இரு” என்று சொல்வதைவிட, காலையில் குறித்த நேரத்தில் எழுப்பி, குளிக்கவைத்து, தெருமுனை வரை பத்து நிமிடம் கூட நடப்பது. மனம் வந்தபின் நடக்கலாம் என்று காத்திருந்தால் மனம் வராது, நடக்க நடக்கத்தான் கொஞ்சம் வரும். கோயிலுக்கோ தர்காவுக்கோ மந்திரிக்கப் போவதைத் தடுத்து நாங்கள் நோயாளியை இழக்க விரும்புவதில்லை. மாத்திரையையும் போட்டுக்கொண்டு போகட்டும்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416-ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-ம் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, வட்ட மருத்துவமனைகளுக்கு மனநல மருத்துவர் குறித்த நாளில் வருவார். அந்த நாளை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டால் ஒரு கூலிநாள் மிச்சம். மாத்திரை இலவசம். வரும்போது அந்தச் சீட்டுப் பையும், வீட்டில் நடப்பதைப் பார்க்கும் ஒருவரும் உடன் வந்தால் நல்லது. ஆனால் நோயாளியிடம் கொஞ்ச நேரமாவது தனியாகப் பேச வேண்டும். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகள் எதைச் சொல்வாள்?

நன்றாக ஆன பிறகுதான் அடுத்த சறுக்கல். தூக்கமும் பசியும் திரும்பியதும் “இன்னும் எதுக்கு மாத்திரை” என்று நிறுத்திவிடுகிறார்கள். முதல்முறை வந்த நோய்க்கு, குணமான பின்னும் ஆறு முதல் ஒன்பது மாதம் அதே அளவில் தொடர வேண்டும். இரண்டு மூன்று முறை வந்திருந்தால் இன்னும் நீண்ட காலம். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம், அதை நோய் திரும்பியதாக நினைத்துப் பயப்படுவார்கள். மாத்திரையை மெல்லக் குறைக்கும் வாரங்களில் வீட்டார் ஒன்றைக் கவனித்தால் போதும்: சென்றமுறை முதலில் கெட்டது எது, தூக்கமா, பசியா, எரிச்சலா? பெரும்பாலும் அதுவேதான் மறுபடியும் முதலில் கெடும். அது இரண்டு வாரம் நீடித்தால், அடுத்த தேதிக்குக் காத்திராமல் அழைத்து வந்துவிட வேண்டும்.