இது தேயிலை இல்லை

"ஏன் தம்பி, கொஞ்சம் செம்பு மருந்து அடிச்சிட்டா முடிஞ்சிச்சு தானே?"

ஓணான்கள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் பூஞ்சணம் படர்ந்ததைப் பார்த்து அண்ணன் கேட்டது அவ்வளவுதான். "வேண்டாம் அண்ணே, இது தேயிலை இல்லை" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பதில் இன்னும் மனதை அரிக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் மருந்தடித்தவர் அவர். 1946இல் கொப்புள நோய் என்ற தேயிலைப் பூஞ்சண நோய் இலங்கைக்கு வந்த பிறகு தேயிலையைக் காப்பாற்றியதில் செம்பு மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு. பெட்டியில் வைத்த மரக்கட்டையெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்து கிடக்கும்போது அவருக்கு அதுதானே நினைவுக்கு வரும்?

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெட்டிக்குள் இருப்பவை மூக்கில் கொம்புள்ள நம் மலைக்காட்டு ஓணான்கள். காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையான சைட்டிஸின் பட்டியலிலும் 2019இல் சேர்ந்தவை. அனுமதியோடு ஆய்வுக்காக வைத்திருக்கிறோம். இலையில் நிற்கும் தண்ணீரைத்தான் நக்கிக் குடிக்கும். மண்ணில் ஸ்பிரிங்டெயில், ஐசோபொட் என்ற சின்னஞ்சிறு மண் பூச்சிகளை விட்டிருந்தோம். பூஞ்சணத்தைத் தின்பதே அவற்றின் வேலை. செம்பு அவற்றையும் பாதிக்கும். ஆகவே மறுத்தது சரிதான். இன்றைக்கும் மறுப்பேன்.

ஆனால் அந்த ஒரு யோசனையோடு அவரை நான் மதிப்பிட்டுவிட்டேனோ என்பதுதான் கேள்வி. சில நாள் கழித்து, வியர்த்துக் கிடந்த கண்ணாடியைப் பார்த்து அவரே சொன்னார்: "மழைக்கு முன்னாடி நிழல் மரத்துக் கிளையை வெட்டி விடுவோம் தம்பி. வெயிலும் காத்தும் உள்ளே போகணும்."

விசயம் அதற்குள் இருந்தது. பகலில் விளக்கு எரியும்போது ஈரப்பதன்மானி 60 வீதம் காட்டும். குறைவு என்று தண்ணீர் தெளிப்பது எங்கள் இடத்து வழக்கம். ஆனால் 24 பாகையில் 60 வீதம் காட்டும் காற்று, 16 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் தன் ஈரத்தைக் கண்ணாடியில் இறக்கிவிடும். நுவரெலியா ராத்திரிக்கு 16 பாகை ஒரு குளிரா? விடியும்வரை பெட்டி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். ஓயாத ஈரத்தில் ஓணானின் தோல் கொப்பளிக்கும், சுவாச நோயும் வரும். பூஞ்சணம் அதற்கு முன்னறிவிப்பு மாதிரி.

கீழே பக்கவாட்டில் காற்று வழி திறந்தோம், மேல் வலையை மூடியிருந்த கண்ணாடியை எடுத்தோம், காலையில் மட்டும் தெளித்தோம். பூஞ்சணம் வற்றியது. ஆனால் பாசியும் பழுத்தது. ஒரு பெண் ஓணானுக்குச் சட்டை உரியும்போது விரல்களில் தோல் ஒட்டிக்கொண்டு நின்றது. காற்றைக் கூட்டியதாலா? அது ஏற்கெனவே மெலிந்திருந்த பிராணி, வேறு காரணமும் இருக்கலாம். வலையைப் பாதி மூடினோம். அப்புறம் அடுத்த முறை தோல் சுத்தமாகக் கழன்றது. அதை வைத்தும் எதுவும் சொல்லிவிட முடியாது.

பூஞ்சணம் போனதற்குக் காற்றுதான் காரணம் என்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். புதுக் கட்டையில் உள்ள சர்க்கரை தீர்ந்தால் அது தானாகவே அடங்கும். பூச்சிகளும் தின்றிருக்கும். அண்ணன் காற்று என்கிறார். இருக்கலாம்.

இப்போது புதுக் கட்டைகள் வந்திருக்கின்றன. அவித்து வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். நன்றாக வெயிலில் காயப்போட்டு வைத்தால் போதும் என்கிறார் அவர். இந்த முறை ஒரு பெட்டிக்கு அவர் சொன்ன மாதிரியே வைக்கப் போகிறோம்.