பெயின்ட் அடித்த ஹேங்கரை வாங்காதீர்கள்

வீட்டுக்கு மரத் தளம் போட நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உத்திரத்தின் முனையைத் தாங்கும் இரும்புத் தாங்கியான ஹேங்கரைப் பெயின்ட் அடித்த நிலையில் பட்டறையிலிருந்து எடுத்து வராதீர்கள். வெறும் இரும்பாக, ஒட்டு (வெல்டிங்) கண்ணுக்குத் தெரியும் நிலையில் பார்த்த பிறகுதான் மீதிப் பணம்.

கொழும்பு வெள்ளவத்தையில் பழைய வீட்டின் மேல் மாடிக்குப் பாலை மர உத்திரங்கள் போடுகிறோம். 3 அங்குல அகலம், 8 அங்குல உயரம். தண்ணீரில் போட்டால் மூழ்குகிற மரம். வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டுகிற மெல்லிய மடிப்புத் தகட்டு ஹேங்கர்கள் பைன் மரத்துக்கு உரியவை. பழைய சோனகத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியும் எங்கள் பாரத்துக்கு ஏற்றது கிடைக்கவில்லை. செய்விப்பது என்று முடிவானது. பொறியியலாளர் தம்பி ஒரே தாளில் வரைந்து கொடுத்துவிட்டார்: 6 மி.மீ. தகடு, கொங்கிரீட்டில் பதியும் முதுகுத் தகடு, இரு பக்கத் தகடுகள், உத்திரம் அமரும் அடித்தகடு, முதுகில் 12 மி.மீ. போல்ட்டுக்கு நான்கு துளைகள், மூலைக்கு மூலை 6 மி.மீ. ஒட்டு. முடிந்ததும் கல்வனைஸ் செய்ய வேண்டும், அதாவது துத்தநாகப் பூச்சு ஏற்ற வேண்டும், கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது பெயின்டை மட்டும் நம்பக் கூடாது என்றார். அதுவரை ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறைக்காரர் வாசல் கேட்டும் கிரில்லும் செய்வதில் பெயர் எடுத்தவர். தாளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "இதில் என்ன இருக்கிறது மாத்தயா, யானையே தொங்கலாம்" என்றார். முற்பணம் வாங்கினார். சொன்ன நாளில் கொடுத்தும்விட்டார், அதுதான் ஆச்சரியம். 14 ஹேங்கர்களும் சிவப்பு ஒக்சைட் பூசி, மூலைகள் வழவழவென்று, கண்ணாடி அலமாரியில் வைக்கலாம் போல இருந்தன. பெயின்ட் வேண்டாம் என்று தாளிலேயே எழுதியிருந்தது. கேட்டால், "சும்மா விட்டால் துருப்பிடிக்கும் அல்லவா? அதற்குக் காசு எடுக்கவில்லை" என்றார்.

இலவசத்தின் விலை கல்வனைஸ் செய்யும் தொழிற்சாலையில் தெரிந்தது. கொட்டும் மழையில் சிறிய லொறி பிடித்து நகருக்கு வெளியே கொண்டுபோனேன். வாயிலில் இருந்த எழுத்தர் ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார். "பெயின்ட். எடுக்க மாட்டோம்." அமிலத் தொட்டி துருவைத் தின்னும், பெயின்டைத் தின்னாது, பெயின்ட் இருக்கும் இடத்தில் துத்தநாகம் பிடிக்காது. நியாயம்தான். ஆனால் தொலைபேசியில் எடை எவ்வளவு, எத்தனை துண்டு என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டவரும் அவரேதான். இந்த ஒரு வசனத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் லொறிக் கூலி மிஞ்சியிருக்கும். அதை அவரிடமே சொன்னேன். "நீங்கள் கேட்கவில்லையே" என்றார்.

பெயின்டை உரித்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. கிரைண்டரில் கம்பித் தூரிகை மாட்டி அடிமூலையில் வைத்ததும் சிவப்பு போய், சாம்பல் நிறத்தில் ஒரு மாவு பறந்தது. புட்டி. அடிபட்ட காரில் பள்ளம் நிரப்பப் பூசுவார்களே, அதேதான். சுரண்டி எடுத்துப் பார்த்தால், அடித்தகடும் பக்கத் தகடும் சந்திக்கிற இடத்தில் இரு முனையிலும் விரல் நீளத்துக்கு ஒட்டு, நடுவே வெறும் இடுக்கு. அவர் தந்த ரசீதையே அதில் நுழைத்தேன், மறுபக்கம் வந்தது. ஒட்டு இருந்த இடத்திலும் அழகுக்காகத் தகட்டோடு மட்டமாகத் தேய்த்திருந்தார்கள். 6 மி.மீ. மூலை ஒட்டில் பாரம் தாங்கும் குறுக்குக் கனமே சுமார் 4.2 மி.மீ.தான். அதில் கிரைண்டர் வைத்தால் தேய்வது பலம். முதுகுத் துளைகளோ துளைக் கருவியால் போட்டவை அல்ல, ஒட்டுக் குச்சியாலேயே எரித்து ஓட்டையாக்கியவை. முட்டை வடிவில் இருந்தன.

தம்பிக்குப் படம் அனுப்பினேன். "அண்ணா, இவற்றைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது.

கிரில்லில் பாரம் இல்லை. ஒட்டு தெரியாமல் இருப்பதே அங்கே கைத்திறன். தேய்த்ததைக்கூட அந்தக் கணக்கில் மன்னிக்கலாம். புட்டியை மன்னிக்க மாட்டேன். இடுக்கு இருக்கிறது என்று தெரிந்துதானே நிரப்பினார்கள்?

அடுத்து பஞ்சிகாவத்தைப் பக்கம் லொறிக்கு உடல் கட்டும் ஒரு பட்டறையைத் தேடிப் பிடித்தேன். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்: பாரம் சுமக்கும் வேலையை, பாரம் சுமக்கும் பொருள் செய்கிறவரிடம் கொடுங்கள். அங்கிருந்த வயதான பாஸ், அதாவது தலைமை வேலையாள், தாளை வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "பாரம் எந்தப் பக்கத்தால் வருகிறது?" அப்போதே பாதிக் கவலை போய்விட்டது. உள் அகலத்தை 3 அங்குலம் ஒரு நூல் (நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று) என்று சுவரில் சோக்கால் எழுதிக்கொண்டார். ஒட்டு ஆறும்போது வாயை உள்ளே இழுக்கும் என்பதால், அதே அகலத்தில் ஓர் இரும்புக் கட்டையை வைத்துப் பக்கத் தகடுகளை இறுக்கிய பிறகே ஒட்டினார்; முழுதும் ஆறும்வரை கட்டையைத் தொட விடவில்லை. அடித்தகட்டை இரு பக்கமும் சற்று வெளியே நீட்டி, ஒட்டை வெளிப்புறத்தில் ஓட்டலாமா என்றும் அவரே கேட்டார். உள் மூலையில் ஒட்டினால் உத்திரம் தகட்டில் அமராமல் ஒட்டின் மேல் ஏறி நிற்குமாம். தம்பி தொலைபேசியிலேயே சரி என்றுவிட்டார்.

தாளில் 7018 என்ற வகை ஒட்டுக் குச்சி கேட்டிருந்தது. முதல் பட்டறையில் சுவரோரம் திறந்து கிடந்ததோ 6013 என்ற வேறு வகை. 7018 ஈரத்தை உறிஞ்சினால் ஒட்டில் பொத்தலும் வெடிப்பும் வரும், ஆகவே கொழும்பு மழைக்காலத்தில் திறந்த பெட்டியை ஏற்காதீர்கள். புதுப் பெட்டியை என் முன்னால் உடைக்கச் சொன்னேன். பாஸ் முகம் சுளித்தார், உடைத்தார். தகட்டையும் தராசில் ஏற்றிப் பாருங்கள்: 6 மி.மீ. தகடு சதுர அடிக்கு ஏறக்குறைய 4.4 கிலோ, 5 மி.மீ. என்றால் 3.65 தான்.

துளையும் ஒட்டும் எல்லாம் கல்வனைஸுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிறகு ஒட்டினால் பூச்சு எரிந்துபோகும், அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குக் காய்ச்சலும் வரலாம். கல்வனைஸ் போல்ட்டுக்குச் சாதாரண நட் ஏறாது. இரண்டையும் சோடியாக வாங்கி, கடையிலேயே சுழற்றிப் பார்த்துவிடுங்கள். தொழிற்சாலையில் அதே எழுத்தர் மறுபடியும் நகத்தால் சுரண்டினார். ஒன்றும் வரவில்லை, வாங்கிக்கொண்டார்.

முதல் உத்திரம் சுத்தியலைத் தொடாமலே இறங்கி அமர்ந்தது. ஆசாரி "அட" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

பக்கத்துப் பட்டறைக்காரர் முற்பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி இழுத்தடிக்கிறார். பணத்துக்குப் பதிலாக முன்வாசலுக்கு ஒரு கேட் செய்து தரட்டுமா என்று இப்போது கேட்கிறார். கேட் என்றால் நன்றாகவே செய்வார். யோசிக்கிறேன்.