கடிதம் கண்காணித்த கூலி: பார்கோட் இல்லாத முத்திரையைக் காசாக நினைக்காதீர்கள்

இங்கிலாந்தில் தபால் சேவையின் வேகத்தை அளக்கும் குழுவில் சேர்ந்து, கூலியைத் தபால் முத்திரையாக வாங்குபவர்களுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. வந்த முத்திரைப் புத்தகங்களை மேசை லாச்சிக்குள் போட்டு மறந்துவிடாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன். பிறகு கட்டோடு போஸ்ட் ஆபிஸுக்குக் கொண்டுபோனால், "பார்கோட் இல்லை, ஒன்றும் செல்லாது" என்று கவுண்டரில் இருந்தவர் முழுக் கட்டையும் தள்ளிவிட்டார். அவர் சொன்னதில் பாதி சரி, பாதி பிழை. அந்தப் பிழையான பாதியை நம்பிக் குப்பையில் போட்டவர்கள் எத்தனை பேரோ.

சரியான பாதி இது. அரசியின் தலை மட்டும் உள்ள, ஒரே நிறத்து அன்றாட முத்திரைகளில் பக்கத்தில் பார்கோட் இல்லாதவை 2023 ஜனவரி 31 வரைதான் செல்லுபடியாயின. கடிதங்களைத் தடுக்காமல் ஜூலை 31 வரை அவகாசம் விட்டார்கள், அதோடு முடிந்தது. இப்போது ஒட்டினால் கடிதத்தைப் பெறுபவர் வீட்டுக்குக் 'கட்டணம் கட்டு' என்று அட்டை போகும். ஆனால் கிறிஸ்மஸ் முத்திரை, பறவை, ரயில் என்று படம் போட்ட சிறப்பு வெளியீடுகளுக்குப் பார்கோட் இல்லாவிட்டாலும் அவை செல்லும். கவுண்டரில் இதைச் சொல்லி வாதாடத் தேவையில்லை. ஒட்டித் தெருப் பெட்டியில் போட்டால் போதும்.

செல்லாததை மாற்றுவதற்குப் போஸ்ட் ஆபிஸுக்குப் போவது வீண் பயணம், அங்கே மாற்றித் தர மாட்டார்கள். கடிதங்களை எடுத்து விநியோகிக்கும் ராயல் மெயில் நிறுவனத்தின் 'ஸ்வாப் அவுட்' (பழையதைப் புதியதாக மாற்றும்) படிவத்தை இணையத்தில் இறக்கி, வகைவாரியாக எண்ணிக்கை எழுதி, முத்திரைகளையும் சேர்த்துத் தபாலில் அனுப்ப வேண்டும். சாதாரணப் படிவத்துக்கு எல்லை 200 பவுண்ட், அதற்கு மேலே வேறு படிவம். இந்த 200 நீங்கள் வாங்கிய விலையில் அல்ல, இன்றைய விலையில். வேகமாகப் போகும் ஃபர்ஸ்ட் கிளாஸ் 2025 ஏப்ரலில் 1.70 பவுண்ட், அந்த விலைக்கு 117 முத்திரையோடு படிவம் நிறைந்துவிடும். மெதுவாகப் போகும், மலிவான செகண்ட் கிளாஸ் அப்போது 87 பென்ஸ், அதற்கு 229. எல்லையைத் தாண்டும்போல இருந்தால் அனுப்புமுன் எண்ணிப் பாருங்கள்.

புத்தகத்திலிருந்து முத்திரையை உரிக்க வேண்டாம், அப்படியே வைத்தால் எண்ணுவது சுலபம். படம் போட்டவற்றை இதற்குள் கலக்க வேண்டாம், அவை இந்தத் திட்டத்திலேயே இல்லை. மூடுவதற்கு முன் எல்லாவற்றையும் பரப்பிப் போனில் படம் எடுங்கள். உறையைத் தெருப் பெட்டியில் போடாமல் கவுண்டரில் கொடுத்து அனுப்பியதற்கான சான்று கேளுங்கள், அது இலவசம். இந்த ஒரு வேலைக்குத்தான் அந்தக் கவுண்டர். தொகை பெரிதென்றால் ஸ்பெஷல் டெலிவரியில் அனுப்புவது மனதுக்கு நிம்மதி.

இனி மதிப்பு. முத்திரையில் எண் அச்சடித்திருந்தால் (20 பென்ஸ், 1 பவுண்ட்) அதன் மதிப்பு என்றைக்கும் அதுதான். எண் இல்லாமல் வகுப்பு மட்டும் இருந்தால் விலை ஏற ஏற அதுவும் ஏறும். 1989 ஆகஸ்டில் இந்த வகை வந்தபோது ஃபர்ஸ்ட் கிளாஸ் 19 பென்ஸ், செகண்ட் 14. குழுவில் எந்த வகுப்பு வேண்டும் என்று கேட்டால், ஒரே தொகைக்குத் தருகிறார்கள் என்றால், ஃபர்ஸ்ட் கிளாஸையே கேளுங்கள். 2023 ஏப்ரலில் அது 1.10 பவுண்ட், இரண்டு வருடத்தில் 60 பென்ஸ் ஏறியது. செகண்ட் கிளாஸ் அதே காலத்தில் 75-லிருந்து 87-க்கு வந்தது, அவ்வளவுதான். செகண்டின் விலைக்குத் தபால் சேவையை ஒழுங்குபடுத்தும் ஆஃப்காம் அமைப்பு உச்சவரம்பு வைத்திருக்கிறது, ஃபர்ஸ்டுக்கு அப்படி இல்லை.

செகண்ட் கிளாஸ்தான் கையில் நிறைய இருக்கிறதா? 2025 ஏப்ரல் விலையில் இரண்டு ஒட்டினால் 1.74, ஃபர்ஸ்ட் கிளாஸ் கடிதம் போகும், 4 பென்ஸ்தான் நட்டம். ஒன்றோடு சில்லறை முத்திரை சேர்த்து 83 பென்ஸை நிரப்பப் பார்த்தால் 50, 20, 10, 2, 1 என்று ஐந்து ஒட்ட வேண்டும், உறையில் முகவரிக்கே இடம் இராது. அப்போது ஃபர்ஸ்ட் கிளாஸ் பெரிய கடிதம் 3.15 பவுண்ட். அதற்கு இரண்டு ஃபர்ஸ்ட் ஒட்டினால் 25 பென்ஸ் போச்சு. ஒரு ஃபர்ஸ்ட், ஒரு 1 பவுண்ட், இரண்டு 20, ஒரு 5 சரியாக வரும். எப்படி ஒட்டினாலும் பார்கோட் துண்டைக் கிழித்துவிடாதீர்கள், அதுவும் முத்திரையின் பகுதி. மேலே செலோடேப்பும் வேண்டாம். கவுண்டரில் முத்திரையைக் காசாக மாற்ற முடியாது, இணையத்தில் தபால் கட்டணம் கட்டவும் உதவாது.

கண்காணிக்கும் வேலை கஷ்டமில்லை. சோதனைக் கடிதம் வந்த நாளைப் பதிய வேண்டும், தரும் கடிதங்களைச் சொன்ன நாளில் போட வேண்டும். பதிவு பிழைப்பது இரண்டு இடத்தில். ஒன்று, விடுமுறை. ஊருக்குப் போய்வந்து, கதவுக்குப் பின்னால் குவிந்ததை எல்லாம் அன்றைய தேதியிலேயே பதிந்தால் ஒரு வாரத் தாமதம் பொய்யாகத் தபால்காரர் தலையில் விழும். முறைப்பாடு வராவிட்டாலும் கணக்குக் கெட்டுவிடும். போகுமுன்னரே குழுவுக்கு அறிவித்தால் அந்த வாரங்களை விட்டுவிடுவார்கள்.

மற்றது, சிவப்புத் தபால் பெட்டியில் எடுக்கும் நேரம் எழுதிய தகடு. நிறையப் பெட்டிகளில் இப்போது கடைசி எடுப்பு காலை 9 மணி, சனிக்கிழமை 7 மணி. தபால்காரர் தன் சுற்றில் எடுத்துக்கொண்டு போவார். வேலைக்குப் போகும் வழியில் 9.30-க்குப் போட்டுவிட்டு அன்றைய தேதியைப் பதிந்தால் அந்தக் கடிதம் பதிவிலேயே ஒரு நாள் பிந்திவிடும். மாலையில் எடுக்கும் பெட்டி ஒன்றைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் போஸ்ட் ஆபிஸ் வாசலில் இருக்கும். சில உறைகளுக்குள் தபால் நிலையக் கருவிகள் வாசிக்கும் சிறு சில்லு இருக்கும், அதை மடிக்கக் கூடாது. குழுவில் இருப்பதைத் தபால்காரரிடம் சொல்லவும் கூடாது, அவர் எவ்வளவு பழக்கமானவர் என்றாலும்.

2025 ஜூலை 28 முதல் செகண்ட் கிளாஸ் சனிக்கிழமை வராது, மற்ற நாட்களிலும் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் என்று மாற்றினார்கள். இடம் இடமாகத்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் தபால் வராத நாளைப் பார்த்து, கடிதம் தொலைந்தது என்று உடனே பதியாமல் குழு சொன்ன நாள்வரை பொறுங்கள்.

என் பொதி திரும்ப மூன்று வாரம் எடுத்தது. ஃபர்ஸ்ட் கிளாஸ் 96 போனது, பார்கோட்டோடு 96 வந்தது. 2019-இல் 70 பென்ஸ் கணக்கில் 67.20 பவுண்டுக்குத் தந்த கூலி, 2025 ஏப்ரல் விலையில் 163.20. கவுண்டரில் தள்ளிவிட்ட கட்டில் இருந்த கிறிஸ்மஸ் முத்திரைகளில் ஒன்றை ஒட்டித்தான் எனக்கே ஒரு கடிதம் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாளில் வந்தது, அட்டை எதுவும் வரவில்லை.